பன்னிரண்டு வோல்ட்டுக் காற்று

ஜும்ஆன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அந்த மாதத்தில் அது நாலாவது தடவை. உப்பளத்துச் சாலையிலிருந்தே தள்ளியிருக்க வேண்டும்; முழங்கால் வரைக்கும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பின்னால் கட்டியிருந்த மீன்பெட்டியிலிருந்து ஐஸ்தண்ணீர் சொட்டுவது நின்றுபோயிருந்தது. சொட்டு நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் மீனைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை.

"வந்துட்டான்" என்றார் அய்யாஷ். கடித்த ரொட்டியைத் திரும்பத் தாளில் சுற்றி வைத்தார்.

அய்யாஷின் கடை துறைமுகத்திலிருந்து வந்த ஒரு பழைய கண்டெய்னர். எதிர்க் கொட்டகையில் நான் ஐஸ் உடைக்கிறேன், பதினெட்டு வருஷமாக. எங்கள் ஊர் ஹுதைதாவில் மோட்டார் சைக்கிளுக்கு வயர் வேலை பார்க்கிறவர்கள் தெருவுக்கு ரெண்டு பேர் இருக்கிறார்கள். வண்டி வந்து நின்றதும் ஸ்பானரை எடுத்துக் கழற்ற ஆரம்பிக்கிறவர்கள்தான் முக்கால்வாசி. அய்யாஷ் லேசில் கழற்ற மாட்டார். முதலில் சாவியைப் போட்டு ஹார்னை அமுக்குவார். அமுக்கியபடியே பெட்ரோல் முள்ளைப் பார்ப்பார். அன்றும் அதைத்தான் செய்தார். ஹார்ன் தொண்டை கட்டிய கிழவனைப் போல ஒரு இருமல் இருமியது. பெட்ரோல் முள் அப்படியே படுத்துக்கொண்டது. பச்சை விளக்கு மங்கி அணைந்தது.

"டேங்க்ல பெட்ரோல் இருக்காலே?"

"பாதிக்கு மேல இருக்கு. முள்ளு சொல்றதை நம்பாதீங்கண்ணே. போன வாரம் முழுசுன்னு காட்டிச்சு, பாலத்துக்கிட்ட நின்னுட்டு. நேத்து ஒண்ணுமே இல்லேன்னு காட்டிச்சு, திறந்து பாத்தா தளும்புது."

"முள்ளு பொய் சொல்லாதுலே. அதுக்கு வர்ற கரண்டு பொய் சொல்லுது. இண்டிகேட்டரைப் போடு."

போட்டான். மினுக்காமல் மங்கலாக ஒரே நிலையில் நின்றது.

"பேட்டரி செத்துக் கெடக்கு" என்றார் அய்யாஷ். "முந்தாநாள் நான்தான் சார்ஜ் ஏத்திக் குடுத்தேன். எங்கலே போச்சு?"

"என்கிட்ட கேட்டா? காலையில மீன் இறக்குதுறையில நல்லாத்தான் ஸ்டார்ட் ஆச்சு. உப்பளம் தாண்டல. பள்ளத்துல ஒரு குலுக்கு, எல்லா லைட்டும் ஒரு வெட்டு வெட்டி, இன்ஜின் நின்னுட்டு. உதைச்சு உதைச்சுக் கால் போச்சு."

அந்த மாடல் வண்டிக்குத் தீப்பொறியும் பேட்டரியிலிருந்துதான். பேட்டரி செத்தால் உதைத்துப் பிரயோசனம் இல்லை. உதைக்கிறவனுக்கும் அது தெரியும். தெரிந்தாலும் உதைப்பான். வெயிலில் நிற்கிறவன் வேறென்ன செய்வான்.

அய்யாஷ் தன் கடைப் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து வண்டியைக் கிளப்பினார். ஆக்ஸிலேட்டரை முறுக்கிச் சோதனை மீட்டரை வைத்தார். பதினாலு காட்டியது. சார்ஜ் ஏறுகிறது. இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்தார். பேட்டரிக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரைக் கோத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துகொண்டார். வண்டி எங்கேயாவது திருட்டுத்தனமாகக் கரண்டை ஒழுகவிட்டால் அந்த முள் அசையும். அசையவில்லை. ஒரு ஈ மீட்டர் கண்ணாடியில் உட்கார்ந்து எழுந்து போனது. அப்போதும் அசையவில்லை.

"வண்டி ஒரு சொட்டு குடிக்கல" என்றார். "வேற யாரோ குடிக்கிறாங்க."

"அதைத்தான் நான் முதல்ல இருந்து சொல்றேன். பக்கத்து வீட்டு ஷூயி கண்ணு. அவன் வண்டி வித்த அன்னைக்கு என் வண்டியை ஒரு பார்வை பாத்தான் பாருங்க, அன்னைக்குப் புடிச்சது."

ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு குழந்தையின் பிஞ்ச செருப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். கண்ணேறுக்கு.

"ஷூயிக்கு ஒரு கண்ணுதானலே இருக்கு. அந்த ஒண்ணுக்கு இம்புட்டுப் பவரா?" என்றேன் நான்.

"சிரிங்க மஹ்யூபண்ணே. பெட்டியில இருக்கிற மீனை மோந்து பாத்துட்டுச் சிரிங்க."

சிரிப்பு அடங்கிப்போனது. ஜும்ஆன் தரையில் உட்கார்ந்தான். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். துண்டும் நனைந்துதான் இருந்தது.

"பழைய வண்டி வாங்குற துபைஷ் வெள்ளிக்கிழமை வர்றான்" என்றான். "வண்டியை எடுத்துக்கிறேன்னுட்டான். இருக்கிற நிலையிலேயே. நான் வடக்கே போற கூட்டத்தோட போயிரப் போறேன். மலை தாண்டிட்டா அந்தப் பக்கம் ஆட்டுப்பட்டியில வேலை இருக்காம்."

வடக்கே எல்லை தாண்டப் போகிறவர்களை எங்கள் தெருவில் யாரும் தடுப்பதும் இல்லை, வாழ்த்துவதும் இல்லை. ஜும்ஆனின் மச்சினன், அவன் மனைவி ஹூரிய்யாவின் ஒரே தம்பி, போன வருஷம் அப்படித்தான் போனான். கூடப் போனவர்களில் ரெண்டு பேர் காலில் கொப்பளத்தோடு திரும்பி வந்தார்கள். அவனைப் பற்றிக் கேட்டால் அவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

"வெள்ளிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றார் அய்யாஷ் கடைசியில். மீட்டரை எடுத்துவிட்டுப் பேட்டரி வயரைத் திரும்ப மாட்டக் குனிந்தார். பக்கவாட்டு மூடிக்குத் திருகுகள் இல்லை. அதைக் கட்டியிருந்த கயிறுதான் தொங்கியது. பேட்டரியின் மறு முனைத் திருகைத் தொட்டார். ஸ்பானர் போடாமலே சுற்றியது. அதன் தலையைப் பார்த்தார். பெருவிரல் நகத்தால் திருகின் பள்ளத்தில் எதையோ சுரண்டினார். விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. அழுக்கு." திருகுகளை இறுக்கினார். "ஏலே, என் கடையில ரெண்டு நாள் நின்னுச்சே இந்த வண்டி, அப்ப ஏதாவது சேட்டை பண்ணிச்சா?"

"இல்ல."

"என் கடையில நின்னா நல்லா இருக்கு. உன் வீட்டுல நின்னா சாகுது. இன்னைக்கு மத்தியானம் உன் வீட்டுல எனக்குச் சோறு போடுவியா?"

"என்ன பேச்சு இது? வாங்க. பெட்டியில ரெண்டு மீனாவது தேறும்."

"மஹ்யூபும் வரட்டும். தேறலேன்னா அவன் தின்னுட்டுச் சாகட்டும்."

கடைப் பேட்டரியில் மறுபடி கிளப்பி மூணு பேரும் அந்த வண்டியிலேயே போனோம். நான் கடைசியில் மீன்பெட்டியின் மேல். பாதி வழியில் அய்யாஷ் கையை நீட்டி ஹார்னை அமுக்கினார். முள் கீழே விழாமல் நின்றது. அவர் சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

ஜும்ஆன் வீடு தகரக் குடியிருப்பின் கடைசி வரிசை. ஒரே அறை, சுவரும் தகரம், கூரையும் தகரம். முன்னால் ஒரு வேப்பமரம், அதன் கீழே உயரமான கால்களோடு ஒரு கயிற்றுக் கட்டில். கடற்காற்று அந்த வேம்பு வரைக்கும் வரும். அறைக்குள் போகாது, அதற்கு அந்தப் பக்கம் ஜன்னல் இல்லை. வீட்டின் பக்கத்தில் மண் அடுப்பு, இடுப்பளவு ஆழம். அதற்குள் கையை விட்டு ரொட்டியைச் சுவரில் அப்ப வேண்டும். ஹூரிய்யா இறக்குதுறைச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கிறாள். விடிந்ததும் மாவு பிசைய ஆரம்பித்தால் மத்தியான லுஹர் பாங்கு வரைக்கும் அடுப்பும் அவளும்தான். ரெண்டு கையிலும் முழங்கை வரைக்கும் ஒரு மயிர் கிடையாது. எல்லாம் கருகிப்போனது.

நாங்கள் போனபோது கடைக்காரன் ஆள் ரொட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அவள் அடுப்பு ஓரத்தில் குந்தியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். எழும்போது சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள்.

"மறுபடியும் நின்னுட்டா?" என்று ஜும்ஆனைக் கேட்டாள்.

"நின்னுட்டு. மீனும் போச்சு. மொத்த வியாபாரி நாளையில இருந்து வேற ஆளைப் பாத்துக்கிடுதானாம்." மீன்பெட்டியைத் திறந்து நல்லதாக மூன்றைப் பொறுக்கிக் கொடுத்தான். "அய்யாஷண்ணனுக்குச் சாப்பாடு."

அவள் வண்டியைப் பார்த்தாள். அய்யாஷைப் பார்த்தாள். பிறகு மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மீனைப் பிளந்து மசாலா தடவி அதே அடுப்பில் இறக்கினாள். தக்காளியும் பச்சை மிளகாயும் கல்லில் நசுக்கினாள். எங்களுக்காக மறுபடி நாலு ரொட்டி தட்டினாள். கட்டிலில் உட்கார்ந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மாவை அறுக்க ஒரு கத்தி வைத்திருந்தாள். பிடி இல்லாத, துணி சுற்றிய கத்தி. நுனி முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. அய்யாஷ் அந்தக் கத்தியையே பார்த்தார். ஒரு மெக்கானிக் அந்த நுனியைப் பார்த்தால் அது எதைத் திருகியது என்று சொல்லிவிடுவான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருகின் பள்ளத்தில் அவர் சுரண்டியது காய்ந்த மாவு.

சாப்பிட்டோம். மகள் ஸபா, அஞ்சு வயசு, அப்பன் தட்டிலிருந்து மீன் கன்னத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு மரத்தின் மறுபக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள். அய்யாஷ் தட்டை வழித்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"வண்டிக்கு நோவு என்னன்னு கண்டுபிடிச்சிட்டேன்லே" என்றார். பேச்சு ஜும்ஆனிடம், குரல் மட்டும் அடுப்புப் பக்கம் போனது. "பேட்டரி முனை லூஸு. ஆட ஆடக் கரண்டு வந்து வந்து போகுது. அதான் முள்ளு ஆடுது, பல்பு போகுது, பள்ளத்துல இன்ஜின் நிக்குது. டைட் பண்ணிட்டேன். இனிமே அதுல யாரும் கை வைக்கலேன்னா ஒண்ணும் வராது."

பெரிய மனுஷத்தனம்தான். அவளுக்கு மட்டும் புரிகிற மாதிரிச் சொல்லி, அதோடு மூடிவிடப் பார்த்தார். ஆனால் ஜும்ஆன் விடவில்லை.

"மூணு தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. முதல்ல சார்ஜ் ஏத்துற ரெக்டிஃபையர்னு சொன்னீங்க. மாத்தினோம். அப்புறம் எர்த்து வயர்ல துருன்னு சொன்னீங்க. சுரண்டினோம். முந்தாநாள் சார்ஜ் ஏத்தினீங்க. இப்ப முனை லூஸு. நாளைக்கு என்ன, சீட்டு லூஸா? வேணாம்ணே. எனக்கு அலுத்துப்போச்சு. துபைஷ்கிட்ட வாக்குக் குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை வண்டி போகுது, சனிக்கிழமை நான் போறேன்."

அடுப்புப் பக்கம் சட்டி வைக்கிற சத்தம் நின்றது.

"ஏங்க" என்றாள் ஹூரிய்யா. "வண்டியை விக்காதீங்க."

"ஆரம்பிச்சிட்டியா? நேத்தே பேசி முடிச்சாச்சு."

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் கழட்டுறேன்."

ஜும்ஆனுக்கு முதலில் புரியவில்லை. "எதைக் கழட்டுற?"

"பேட்டரியை. மத்தியானம் நீங்க தூங்கினதும். உள்ள எடுத்துட்டுப் போய் விசிறியில மாட்டுவேன். சாயந்தரம் அஸர் பாங்குக்கு முன்னால திரும்ப வச்சிருவேன்."

அய்யாஷ் தரையைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?" என்றான் ஜும்ஆன்.

"கத்திரி வெயில் வந்ததுல இருந்து. முதல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் தினம்."

"ரெக்டிஃபையர் கருகிச்சே?"

"அன்னைக்கு மாத்தி மாட்டிட்டேன். கறுப்பை எடுத்துச் சிவப்புல. பொறி பறந்துச்சு. திரும்பச் சரியா மாட்டிட்டு ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன்."

ஜும்ஆன் கட்டிலிலிருந்து குதித்தான். நான் அவன் தோளைப் பிடித்தேன். அவன் குதித்தது அடிப்பதற்கு இல்லை, அவனுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். வண்டியிடம் போனான். திரும்பி வந்தான். செருப்புத் தொங்குகிற கயிற்றைப் பிடித்து இழுத்து அறுத்து எறிந்தான்.

"உப்பளத்துல நாலு நாள் தள்ளியிருக்கேன்டி! நாலு நாள்! அந்த வெயில்ல நாய்கூட நிக்காது. வண்டியில வர்றவன் பூரா, என்னடா ஜும்ஆன், கழுதையை விட்டுட்டு வண்டியை மேய்க்கிறியான்னு கேக்கான். ஷூயியை வாய்க்கு வந்தபடி பேசினேன். ஒத்தைக் கண்ணன்னு பேசினேன். நீ இங்க உக்காந்து கேட்டுட்டே இருந்திருக்க!"

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"வாயில மண்ணா?"

"பயம்."

அய்யாஷ் நடுவில் வந்தார். "ஏலே, கத்தாத. தங்கச்சி, பிள்ளைக்காகத்தானே செஞ்ச? பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேக்குரு. தாய் மனசு கேக்குமா? அதுக்காகத்தானே?"

அவளுக்கு அவர் ஒரு வழியைத் திறந்துவிட்டார். நானாக இருந்தால் அதில் நுழைந்திருப்பேன். யாராக இருந்தாலும் நுழைந்திருப்பார்கள்.

"இல்லண்ணே" என்றாள் ஹூரிய்யா. "பிள்ளை மரத்தடியில கெடக்கு. அதுக்குக் காத்து வருது. எனக்குத்தான். என் ஒருத்திக்குத்தான்."

கருகின கையை முன்னால் நீட்டினாள். யாரும் கேட்காமலே நீட்டினாள்.

"காலையில இருந்து அடுப்புக்குள்ள கைய விட்டுட்டு நிக்கேன். முடிஞ்சதும் இவங்க கட்டில்ல படுத்துருவாங்க. பிள்ளை படுத்துரும். தெருவுல போறவன் வர்றவன் பாக்க நான் மரத்தடியில படுக்க முடியுமா? அந்தத் தகரத்துக்குள்ள போகணும். சோலார் பேனலை வித்தோம்லா, ஸபாவுக்கு வயித்தால போனப்ப, அப்ப விசிறியை எவனும் கேக்கல. மூலையில கெடந்துச்சு. ஒரு நாள் மாட்டினேன். காத்து வந்துச்சு. அழுகையா வந்துச்சு எனக்கு. ஒரு மணி நேரம் தூங்கினேன். அவ்வளவுதான். அது இல்லேன்னா மறுநாள் எனக்கு அடுப்புக்கிட்ட போகக் கால் வராது."

மூச்சு வாங்கினாள்.

"ரெண்டு நாளைக்கு முன்னாலயே சொல்லியிருக்கணும். நீங்க வடக்கே போறேன்னு சொன்ன அன்னைக்கே. என் தம்பி போனான்ல, அது போதும். வண்டியை விக்காதீங்க. இனிமே நான் தொடமாட்டேன்."

ஜும்ஆன் அவளைத் தாண்டி நடந்து, குனிந்து, அறைக்குள் போனான். கதவுக்குப் பதிலாகத் தொங்கிய சாக்கு அவன் பின்னால் மூடிக்கொண்டது.

நான் உச்சி வெயிலில் வேலை செய்கிறவன்தான். ஆனால் என் கொட்டகையில் ஐஸ் இருக்கிறது. அய்யாஷின் கண்டெய்னருக்கு ரெண்டு பக்கமும் திறப்பு. அந்த நேரத்தில் அந்த மாதிரித் தகரத்துக்குள் ஆண்கள் யாரும் போவதில்லை. எங்கள் வரிசையில் எந்த வீட்டிலும் போவதில்லை. மரத்தடி, கடை நிழல், மசூதிக் கூடம், ஏதோ ஒரு இடம் நமக்கு இருந்துவிடுகிறது. ஜும்ஆனுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். மத்தியானத்தில் அந்த அறைக்குள் அவன் படுத்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

ஒரு ரொட்டி வேகிற நேரம் உள்ளே இருந்தான். ரெண்டு ரொட்டி வேகிற நேரம். ஹூரிய்யா அசையாமல் நின்றாள். சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தாடியிலிருந்து வியர்வை சொட்டியது. பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான். இன்னொரு குவளை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான். அவளைப் பார்க்கவில்லை.

"அண்ணே" என்றான் அய்யாஷிடம். குரல் தட்டையாக இருந்தது. "இந்தப் பேட்டரி வண்டிக்கும் விசிறிக்கும் சேத்துத் தாங்குமா?"

"தாங்காது. ஏற்கெனவே பாதி செத்தது. மத்தியானம் விசிறி அதைக் காலி பண்ணும், சாயந்தரம் நீ சவாரிக்குப் போறதுல அரைகுறையாத்தான் ஏறும். அப்படியே ஓட்டினா ரெண்டு மாசம். அதுக்கு மேல அல்லாஹ் விட்ட வழி."

"ரெண்டு மாசமா."

"விசிறியை நிறுத்தினா ஒரு வருஷம் வரும்."

ஜும்ஆன் தலைத்துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டான். "வாங்க, கடையில விட்டுர்றேன்" என்றான். அவ்வளவுதான். வண்டி கிளம்பும்போது அவள் தட்டுகளை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் நிமிரவில்லை. வழியில் ஒரு திருப்பத்தில் ஹார்ன் அடித்தான். சத்தம் நன்றாகத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து துபைஷ் எங்கள் தெருவுக்கு வந்தான். ஜும்ஆனைப் பார்த்தாயா என்று கேட்டான். இல்லை என்றேன். தேடிப் போனான். திரும்பி வரும்போது தனியாக நடந்துதான் வந்தான். பேச்சு மாறுகிற பயல்களைப் பற்றி எல்லோரும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலையில் ஜும்ஆன் ஐஸ் எடுக்க வந்தான். பழைய வியாபாரிக்கு இல்லை, வேறொருவனுக்கு மீன் ஓட்டுகிறானாம், பெட்டி குறைவு. நான் உடைத்துப் போட்டேன். நிரப்பிக் கட்டினான். கட்டியதும் எதிரே அய்யாஷ் கடைக்குப் போனான். அவர் வழக்கம் போல ஹார்னை அமுக்கப் போனார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே" என்றான். "பேட்டரித் திருகுக்குக் காது நட்டு இருக்கா? கையாலயே திருப்புறது. ரெண்டு வேணும்."

அய்யாஷ் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தகர டப்பாவைக் கவிழ்த்து விரலால் துழாவினார். ஒன்று உடனே கிடைத்தது. இன்னொன்றுக்கு நேரமாயிற்று.

"கத்தியைப் போட்டுத் திருகித் திருகித் தலையெல்லாம் போச்சு" என்றான் ஜும்ஆன். யாரும் கேட்கவில்லை. "ரொட்டிக் கத்தி வேற. மாவு அறுக்க மாட்டேங்குதாம்."

"சிவப்பு வயருக்கு ஒரு அடையாளம் கட்டிக்குடு. மறுபடி மாத்தி மாட்டிறப் போறா."

"கட்டிட்டேன். ஸபாவோட ரிப்பன்."

அய்யாஷ் ரெண்டாவது நட்டைக் கண்டுபிடித்தார். துருவைக் கால்சட்டையில் தேய்த்துவிட்டு அவன் உள்ளங்கையில் போட்டார்.

"ரெண்டு மாசம்தாம்லே" என்றார். "சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றான் ஜும்ஆன். வண்டியில் ஏறி உட்கார்ந்தான். "ரெண்டு மாசத்துல வெயில் இறங்கிரும்."